தீயும் பச்சையும்: ஆயுர்வேதச் செரிமானச் சொற்களின் மொழிபெயர்ப்பு குறித்து ஒரு திறனாய்வு

1. முன்னுரை

ஆயுர்வேதத்தைத் தமிழிலும் பிற இந்திய மொழிகளிலும் அறிமுகப்படுத்தும் நூல்களில் தவறாது இடம்பெறும் கூற்று ஒன்று உண்டு. 'செரிமானக் கோளாறே எல்லா நோய்களுக்கும் காரணம்' என்பதே அது. எளிய தொடர்; படிப்பவர் மனத்தில் உடனே பதிவது. ஆனால் வடமொழி மருத்துவ நூல்கள் சொன்னது இதுதானா என்னும் வினாவை மொழிபெயர்ப்பாளர்கள் போதிய அளவு எழுப்பியதாகத் தெரியவில்லை.

மூலநூல்களில் இப்பொருள் பற்றி மூன்று கலைச்சொற்கள் வழங்குகின்றன. ஒன்று, தீ மந்தப்படுதலாகிய 'மந்தாக்கினி'. இது ஒரு நிலை. இரண்டு, உண்டது செரியாமையாகிய 'அஜீர்ணம்'. இது ஒரு நிகழ்வு. மூன்று, 'ஆமம்'. இது அந்நிலையிலிருந்து தோன்றும் ஒரு பொருள். நிலை, நிகழ்வு, விளைபொருள் என்னும் இம்மூன்றும் தம்முள் தொடர்புடையன, ஆயினும் ஒன்றல்ல. இம்மூன்றையும் 'செரிமானக் கோளாறு', 'அசீரணம்' என்னும் ஒரே சொல்லால் பெயர்க்கும்போது, நூலாசிரியர் படிப்படியாக அமைத்த காரணகாரியத் தொடர் சிதைகிறது. 'செரியாமையால் செரியாமை தோன்றுகிறது. அதனால் நோய் தோன்றுகிறது' என்று ஒரு வெற்றுக் கூற்றே எஞ்சுகிறது.

இச்சொற்களின் பொருளெல்லைகளை அவை வரும் இடங்களைக் கொண்டு வரையறுப்பதும், வழக்கிலுள்ள பெயர்ப்புகளை அவ்விடங்களில் பொருத்திச் சோதிப்பதும் இக்கட்டுரையின் நோக்கம். மருத்துவக் கோட்பாடு சரியா தவறா என்பது இங்கு ஆராயப்படவில்லை. ஒரு கோட்பாட்டை ஏற்கவோ மறுக்கவோ வேண்டுமாயின் அது இன்னதென்று முதலில் தெளிவாகத் தெரிய வேண்டும். அத்தெளிவைத் தருவது மொழிபெயர்ப்பாளரின் கடமை.

2. வேற்றுமை காட்டும் காரணம்

மேற்குறித்த கூற்றுக்கு ஆதாரமாகப் பெரிதும் காட்டப்படுவது வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயம். கி.பி. 7ஆம் நூற்றாண்டை ஒட்டி எழுந்ததாகக் கருதப்படும் இந்நூலின் நிதானப் பகுதியில், வயிற்று வீக்க நோய்களாகிய உதர நோய்களைப் பற்றிய 12ஆம் இயலின் தொடக்கத்தில் இக்கருத்து வருகிறது. எல்லா நோய்களையும் பொதுவாகச் சுட்டி, உதர நோய்களைச் சிறப்பாக எடுத்துக் கூறுவது அத்தொடக்கச் செய்யுள்.

அச்செய்யுளின் தொடரமைப்பு கூர்ந்து நோக்கத்தக்கது. அதில் மந்தமான தீ ஏழாம் வேற்றுமையில் நிற்கிறது. வடமொழி இலக்கணத்தார் 'சதி சப்தமி' என்று வழங்கும் அமைப்பு இது. 'தீ மந்தமாக இருக்கும்போது' என்று சூழலை உணர்த்துவது. செரியாமையைக் குறிக்கும் சொல் ஐந்தாம் வேற்றுமையில் நிற்கிறது. இது ஏதுப் பொருள். மாசுபட்ட உணவு மூன்றாம் வேற்றுமையில் வருகிறது. இது கருவிப் பொருள். மலங்கள் சேர்தல் மீண்டும் ஐந்தாம் வேற்றுமையில் அமைகிறது. நான்கு கூறுகளும் ஒரே வினைமுற்றோடு முடிந்தாலும், அவை நோயோடு கொண்டுள்ள உறவு ஒரே தன்மையதன்று. தீயின் மந்தம் களம். செரியாமையும் மலச் சேர்க்கையும் ஏதுக்கள். மாசுபட்ட உணவு கருவி.

தமிழில் ஏதுப்பொருளுக்கும் கருவிப்பொருளுக்கும் 'ஆல்' உருபே பெருவழக்கு. ஆகவே இத்தொடரைப் பெயர்ப்போர் 'மந்தாக்கினியாலும், அஜீர்ணத்தாலும், கெட்ட உணவாலும், மலச் சேர்க்கையாலும்' என்று நான்கையும் ஒரே நிரையில் வைத்துவிட எளிதில் இடமுண்டு. அவ்வாறு வைத்தபின் அவற்றுள் முதலாவதை மட்டும் பிரித்தெடுத்து 'எல்லா நோய்க்கும் காரணம்' என்று முழங்குவது அடுத்த படி. மூலத்தில் சூழலாக இருந்தது பெயர்ப்பில் தனிக்காரணமாக உயர்ந்துவிடுகிறது.

இதனைத் தவிர்க்கத் தமிழில் வழியில்லாமல் இல்லை. 'தீ மந்தமாயிருக்கையில்', 'தீ மந்தப்பட்ட நிலையில்' என்னும் தொடர்கள் சதி சப்தமியின் பொருளைப் பழுதின்றித் தருகின்றன. செரியாமை முதலியவற்றுக்கு மட்டும் 'ஆல்' உருபைப் பயன்படுத்தினால் போதும். இங்குத் தவறுவதற்கு மொழியின் வறுமை காரணமன்று. கவனக் குறைவே காரணம்.

ஏதுக்கள் எல்லா நோய்களையும் தழுவுகின்றனவா, உதர நோய்களை மட்டும் தழுவுகின்றனவா என்னும் ஐயத்துக்கும் அச்செய்யுளின் சொல்லமைப்பு இடம் தருகிறது. நல்ல பெயர்ப்பு இவ்விரு வாய்ப்பையும் அடிக்குறிப்பிலேனும் காட்டும். உதர நோய் இயலிலிருந்து முதலடியை மட்டும் பிரித்து முதுமொழிபோல் ஆள்வது, ஆசிரியர் கூறாத அளவு பெரிய கூற்றை அவர்மேல் ஏற்றுவதாகும்.

3. அக்கினி

'அக்கினி' என்பதற்கு இக்கால எழுத்தாளர்கள் தரும் பெயர்ப்புகள் பெரும்பாலும் மூன்று: செரிமானம், செரிமான நீர் அல்லது நொதி, வளர்சிதை மாற்றம். இவற்றை ஒவ்வோர் இடத்திலும் பதிலீடு செய்து பார்ப்பது பயனுள்ள சோதனை.

சரக சம்ஹிதையின் விமானப் பகுதி 6ஆம் இயல், வன்மை அடிப்படையில் உடலின் தீயை நான்காகப் பகுக்கிறது: கூர்மை, மந்தம், சமம், விஷமம். இப்பகுப்பின் அளவுகோல் செரிக்கும் வேகமன்று என்பது பலராலும் கவனிக்கப்படாத செய்தி. உணவு முறையில் நேரும் பிழைகளை எந்த அளவு தாங்குகிறது என்பதே அங்கு அளவுகோல். எல்லாப் பிழைகளையும் தாங்குவது கூர்மையான தீ. அதற்கு நேர்மாறானது மந்தமான தீ. பிழை நேர்ந்தால் திரிந்தும் நேராதபோது இயல்பாகவும் இருப்பது சமமான தீ. அதற்கு மாறான போக்குடையது விஷமத் தீ. எனவே 'மந்தம்' என்பதை 'மெதுவான செரிமானம்' என்று பெயர்ப்பது பொருந்தாது. 'சிறு பிழையையும் தாங்காத தீ' என்பதே அவ்விடத்துப் பொருள். தமிழில் மந்தம் என்னும் சொல் வயிறு கனத்திருத்தலையும் சுறுசுறுப்பின்மையையும் குறிக்க வழங்குவதால், கடன் சொல்லை அப்படியே ஆளுவதும் இங்குப் படிப்பவரை வழிதவறச் செய்யும்.

அளவு கடந்த தீயும் ஒரு நோயே. சரகத்தின் சிகிச்சைப் பகுதி 15ஆம் இயல், கபம் குறைந்து பித்தம் வாயுவோடு சேர்ந்து பெருகும்போது தீ மிகுந்து, உணவை எரித்தபின் உடலின் தாதுக்களையே எரிக்கும் என்று விளக்குகிறது. அதற்கு மருந்தாகக் கூறப்படுவன கனமான, நெய்ப்புள்ள, குளிர்ந்த, இனிப்பான உணவுகள். பிற்கால நூல்கள் இதனைப் 'பஸ்மகம்' என்று வழங்கின. 'அக்கினி' என்பதை எங்கும் 'செரிமானம்' என்று பெயர்ப்பவர் இவ்விடத்தில் 'மிகுந்த செரிமானம்' என்று எழுத நேரும். அது நலத்தின் அடையாளமாகத் தோன்றுமேயன்றி நோயாகத் தோன்றாது.

காய்ச்சல் பற்றிய விளக்கம் இன்னும் கடுமையான சோதனை. சரகத்தின்படி, சீர்கெட்ட தோஷம் ஆமாசயத்தை அடைந்து, தீயின் வெம்மையோடு கலந்து, வழிகளை அடைத்து, தீயை அதன் இருப்பிடத்திலிருந்து வெளியே தள்ளுகிறது. வயிற்றில் இருக்க வேண்டிய வெம்மை உடலெங்கும் பரவுவதே காய்ச்சல். அதனால்தான் மேனி கொதிக்கையில் பசி இல்லை. இங்குத் தீ என்பது இடம்பெயரக்கூடிய ஒன்று. அதனை 'நொதி' என்று பெயர்த்தால் தொடர் பொருளற்றதாகிறது. 'வளர்சிதை மாற்றம்' என்று பெயர்த்தாலும் அதுவே நிலை.

சி. துவாரகாநாத் 1967இல் வெளியிட்ட, ஆயுர்வேதச் செரிமானமும் வளர்சிதை மாற்றமும் பற்றிய ஆங்கில நூல், வயிற்றுத் தீ ஒன்று, பூதத் தீ ஐந்து, தாதுத் தீ ஏழு என்னும் பதின்மூன்று தீக்களையும் நவீன உடலியலோடு ஒப்பிட்டு விளக்க முயன்றது. ஒப்பீடு என்ற அளவில் அம்முயற்சி மதிக்கத்தக்கது. ஆனால் அதன்பின் வந்த எழுத்துகளில் ஒப்பீடு பெயர்ப்பாக மாறிவிட்டது. ஒப்பீட்டில் இரு பொருள்களும் தனித்தனியே நிற்கின்றன. படிப்பவர் ஒற்றுமை வேற்றுமைகளை எடைபோடலாம். பெயர்ப்பில் ஒன்று மறைந்து மற்றொன்றே நிற்கிறது. பழைய நூல் நொதிகளை அறிந்திருந்தது என்னும் முடிவு ஆய்வின்றியே சொல்லுக்குள் புகுந்துவிடுகிறது.

தமிழ் மரபுக்கு இங்கு உரிய இடம் உண்டு. திருக்குறளின் மருந்து அதிகாரம், வயிற்றின் ஆற்றலைத் 'தீ' என்னும் சொல்லாலேயே குறிக்கிறது. செரித்தலை 'அறுதல்' என்னும் வினையால் குறிக்கிறது. மணிமேகலையில் காயசண்டிகைக்கு நேர்ந்த தணியாப் பெரும்பசியின் பெயர் 'யானைத்தீ'. எனவே குறைந்த தீ, மிகுந்த தீ என்னும் இரு எல்லைகளையும் தமிழ் தன் சொல்லாலேயே முன்பே சுட்டியிருக்கிறது. 'அக்கினி' என்பதற்கு வேண்டிய சொல்லைப் பிற துறையிலிருந்து கடன் வாங்க வேண்டியதில்லை.

ஆயுர்வேதத்தின் எட்டு உறுப்புகளுள் முதலாவதான 'காயசிகிச்சை' என்பதையும் இத்தொடர்பில் குறிப்பிட வேண்டும். 'உடல் மருத்துவம்' என்று இது பெயர்க்கப்படுகிறது. 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த உரையாசிரியர் சக்கரபாணிதத்தர், இங்குக் 'காயம்' என்பதை உள்தீ என்று விளக்குகிறார். அவ்வுரையின்படி துறையின் பெயரே தீயைப் பேணும் மருத்துவம் என்பதாகும்.

4. அஜீர்ணம்

'ஜீர்ணம்' என்னும் சொல் மூப்படைதல், தேய்தல் என்னும் பொருளுடைய வினையடியிலிருந்து பிறந்தது. முதுமையைக் குறிக்கும் 'ஜரா' என்பதும் அதே அடியினது. பழுதடைந்த கோயிலைப் புதுப்பிக்கும் 'ஜீர்ணோத்தாரணம்' என்னும் வழக்கிலும் இச்சொல்லே உள்ளது. உண்ட பொருள் தன் பழைய உருவம் தேய்ந்து மறைதல் என்பது இதன் அடிப்படைக் கருத்து. தெலுங்கில் 'அருகு' என்னும் வினை தேய்தலையும் செரித்தலையும் ஒருங்கே குறிப்பதும், தமிழில் 'அறுதல்' அப்பொருளில் வழங்கியதும் ஒப்பு நோக்கத்தக்கன. மலையாளத்தில் செரிமானத்தின் பெயர் 'தஹனம்'. அங்கு எரித்தல் என்னும் உருவகமே நிலைபெற்றது. அச்சொல்லே தமிழில் 'தகனம்' என்று பிணத்தை எரித்தலைக் குறிக்கிறது. அண்டை மொழி வழியாகப் பெயர்ப்போர் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடம் இது.

சுசுருத சம்ஹிதை அஜீர்ணத்தை ஆமம், விதக்தம், விஷ்டப்தம், ரசசேஷம் என நான்காகப் பகுக்கிறது. முதல் மூன்றும் முறையே கபம், பித்தம், வாயு ஆகியவற்றோடு தொடர்புடையன. இப்பகுப்பில் 'ஆமம்' என்பது அஜீர்ணத்தின் ஒரு வகையாக வருகிறது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். வகைப்பெயராக வரும் ஆமமும், அடுத்த பகுதியில் ஆராயப்படும் விளைபொருளாகிய ஆமமும் ஒரே சொல்லால் குறிக்கப்படுவதே குழப்பத்தின் ஊற்று. மாதவ நிதானத்தின் 6ஆம் இயல் தீயின் மந்தத்தையும் அஜீர்ணத்தையும் ஒருங்கே எடுத்துக்கொண்டாலும் இரண்டையும் தனித்தனியே விளக்குகிறது. ஒன்றாயின் இரண்டு விளக்கங்கள் தேவைப்பட்டிரா.

தீ நன்றாக இருந்தும் செரியாமை நேரலாம் என்பதற்குச் சரகத்தின் விமானப் பகுதி 2ஆம் இயல் சான்று. அளவோடு உண்ட நல்லுணவும் கவலை, துயரம், அச்சம், சினம், வசதியற்ற படுக்கை, இரவு விழிப்பு ஆகியவற்றால் செரிப்பதில்லை என்பது அங்குக் கூறப்படும் கருத்து. ஆக, செரியாமைக்கு உணவும் தீயும் மட்டும் காரணமல்ல, மனநிலையும் காரணம். மந்தாக்கினியையும் அஜீர்ணத்தையும் ஒரு சொல்லால் பெயர்ப்பவர் இந்நுட்பத்தைக் காட்ட இயலாது.

5. ஆமம்

மூன்று சொற்களுள் பெயர்ப்பாளரைப் பெரிதும் சோதிப்பது 'ஆமம்'. இதன் அடிப்படைப் பொருள் 'பச்சையானது', 'வேகாதது'. இதன் எதிர்ச்சொல் 'பக்வம்'. வேத வழக்கிலிருந்தே சமைக்காத உணவு, சுடாத மட்கலம், பழுக்காத காய் ஆகிய அனைத்தையும் இச்சொல் தழுவி நின்றது. 1899இல் வெளிவந்த மோனியர் வில்லியம்சின் வடமொழி அகராதி இப்பொருள்களைத் தந்தபின், மலச்சிக்கல் என்னும் பொருளையும் தருகிறது. மருத்துவ நூல்களில் இப்பொருளைப் பொருத்தினால் முரண் விளைகிறது. 'ஆமாதிசாரம்' என்பது ஆமத்தோடு கூடிய வயிற்றுப்போக்கு. மலச்சிக்கலோடு கூடிய வயிற்றுப்போக்கு என்று அதனை எழுத முடியாது.

இக்கால இந்திய மொழிகளில் இச்சொல் பல திசைகளில் பிரிந்து சென்றுள்ளது. வடமொழியில் 'ஆமாசயம்' என்பது ஆமத்தின் இருப்பிடம், அதாவது உண்டது இன்னும் பக்குவப்படாத நிலையில் தங்கும் இரைப்பை. இந்தியிலும் அதே பொருள் நிலைத்தது. ஆனால் வங்காளியில் 'ஆமாசய்' என்பது சீதபேதியின் பெயர். இந்தியில் ஆமத்திலிருந்து திரிந்த 'ஆங்வ்' என்னும் சொல் மலத்தோடு வரும் சளியைக் குறிக்கிறது. வங்காளி வழியாக ஒரு நூலைப் பெயர்ப்பவர், உறுப்பின் பெயர் வரும் இடத்தில் நோயின் பெயரை எழுதிவிடும் வாய்ப்பு உண்டு.

வாக்படர் சூத்திரப் பகுதி 13ஆம் இயலில் ஆமத்துக்கு இரு வரையறைகள் தருகிறார். வெம்மையின் வன்மைக் குறைவால் பக்குவப்படாது, கெட்டு, ஆமாசயத்தில் தங்கும் முதல் தாதுவாகிய ரசமே ஆமம் என்பது ஒன்று. மிகச் சீர்கெட்ட தோஷங்கள் ஒன்றோடொன்று கலப்பதால், வரகிலிருந்து நஞ்சு தோன்றுவதுபோல், ஆமம் தோன்றும் என்பது பிறர் கருத்து எனக் கூறும் மற்றொன்று.

முதல் வரையறை 'செரியாத உணவு' என்னும் பெயர்ப்பை விலக்குகிறது. ஆமம் என்பது உணவன்று. உணவிலிருந்து பிறந்து, உடலின் முதல் தாதுவாகும் நிலையை எய்தியும் பக்குவம் பெறாத சாறு. உணவாயின் வயிற்றோடு நின்றுவிடும். சாறாதலால் உடலெங்கும் செல்லும். எல்லா நோய்களோடும் அதற்குத் தொடர்பு காட்டப்படுவது இதனாலேயே. இவ்வரையறையில் தீயின் வன்மைக் குறைவு ஏதுவாகவே கூறப்படுவதும் கவனிக்கத்தக்கது. அதாவது தீயின் குறைவு ஆமத்துக்கு ஏது, நோய்க்குச் சூழல். இரண்டாம் பகுதியில் கண்ட வேற்றுமை வேறுபாடு தற்செயலானதன்று என்பதை இது உறுதிப்படுத்துகிறது.

இரண்டாம் வரையறை இன்று பெருகிவரும் 'நச்சு' என்னும் பெயர்ப்போடு தொடர்புடையது. ஆமத்தை 'உடலில் சேரும் நச்சுப் பொருள்' என்று எழுதுவது அண்மைக் காலத்தில் மிகப் பரவியுள்ளது. வாக்படர் கூறியது உவமை. வரகு உணவுத் தானியம். சில வேளைகளில் அது நஞ்சாவதும் உண்டு. நல்லன கூடித் தீயது பிறக்கும் முறையே அங்கு உவமிக்கப்படுகிறது. உவம உருபை நீக்கிப் பொருளையும் உவமையையும் ஒன்றாக்குவது இலக்கணப் பிழை மட்டுமன்று. கோட்பாட்டுப் பிழையும் ஆகும். சரகம் 'ஆமவிஷம்' என்று ஒரு தனிநிலையைக் கூறுகிறது. முரணான உணவை உண்போர்க்கும், முன்னுண்டது செரிக்குமுன் உண்போர்க்கும் நேரும் அந்நிலை நஞ்சுக்கு ஒப்பானது, மருத்துவத்துக்கு அடங்காதது என்று அது விளக்குகிறது. எல்லா ஆமமும் நஞ்சாயின் இத்தனிப்பெயருக்குத் தேவை என்ன? 'நச்சு நஞ்சு' என்றுதான் பெயர்ப்பாளர் எழுத நேரும்.

ஆமத்தோடு கூடிய தோஷம் 'சாமம்'. அது நீங்கியது 'நிராமம்'. இங்கு எழுத்தளவில் ஒரு கண்ணி உள்ளது. சுசுருதம் நலமுடையவரை வரையறுக்கையில் தீ 'சமமாக' இருக்க வேண்டும் என்கிறது. 'சமம்' நலத்தின் அடையாளம். 'சாமம்' நோயின் அடையாளம். இரண்டையும் வேறுபடுத்துவது ஒரு நெடில் மட்டுமே. அச்சுப்பிழை ஒன்று பொருளை நேர்மாறாக்கிவிடும்.

இவ்வேறுபாட்டின் நடைமுறை விளைவு பெரிது. உடலெங்கும் பரவித் தாதுக்களில் தங்கிய சாம தோஷங்களை வெளியேற்ற முயலக்கூடாது என்று வாக்படர் எச்சரிக்கிறார். பழுக்காத காயிலிருந்து சாறெடுக்க முயன்றால் சாற்றுக்கு இடமான காயே அழியும் என்பது அவர் காட்டும் உவமை. ஆமத்தை 'நச்சு' என்று பெயர்த்த உடனே, படிப்பவர் மனத்தில் எழுவது 'உடனே வெளியேற்ற வேண்டும்' என்னும் எண்ணம். மூலநூல் தடுத்த செயலையே பெயர்ப்பு தூண்டுகிறது. ஒரு சொல் நோயாளிக்குத் தீங்காகும் இடம் இது.

6. தீபனமும் பாசனமும்

மருந்துச் செயல்களின் பெயர்களிலும் இதே கலப்பு காணப்படுகிறது. சார்ங்கதர சம்ஹிதை தெளிவான எல்லை வகுக்கிறது. தீயைத் தூண்டி ஆமத்தைப் பக்குவப்படுத்தாதது 'தீபனம்'. சோம்பு இதற்கு எடுத்துக்காட்டு. ஆமத்தைப் பக்குவப்படுத்தித் தீயைத் தூண்டாதது 'பாசனம்', நாககேசரம் எடுத்துக்காட்டு. இரண்டையும் செய்வது கொடிவேலி எனப்படும் சித்திரமூலம். இவ்விரண்டையும் 'செரிமானத்தைத் தூண்டுவது' என்று ஒரே தொடரால் பெயர்த்தால் இம்மூவகைப் பகுப்பு முழுவதும் அழிகிறது. தீயும் ஆமமும் வெவ்வேறு என்பதற்கு இப்பகுப்பைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

'பாசனம்' என்னும் எழுத்துப்பெயர்ப்பு தமிழில் நீர்ப்பாசனத்தோடு மயங்குவதால், 'பக்குவப்படுத்துவது' என்று எழுதுவதே தகும். மற்றொரு மயக்கம் அதனினும் ஆபத்தானது. சித்திரமூலத்துக்கு வடமொழியில் தீயின் பெயர்களெல்லாம் பெயராக வழங்கும். மருந்துப் பட்டியலில் 'அக்கினி', 'அனலம்', 'தஹனம்' என்று வருவது பெரும்பாலும் இவ்வேரையே குறிக்கும். தோலைப் புண்ணாக்கும் காரத்தன்மையுடைய இவ்வேர் அளவோடும் தூய்மை செய்தும் ஆளப்பட வேண்டியது. அவ்விடத்தில் 'செரிமானத் தீ' என்று பெயர்ப்பவர் மருந்தொன்றைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுகிறார். மாறாக, தீயைக் குறிக்கும் இடத்தில் வேரைக் காண்பவர் இல்லாத மருந்தைச் சேர்த்துவிடுகிறார்.

நோய்ப்பெயர்களும் விலக்கல்ல. மாதவ நிதானம் 'ஆமவாதம்' என்பதைத் தனி இயலாக அமைத்து விளக்குகிறது. முரணான உணவும் செயலும், மந்தமான தீ, அசைவின்மை, நெய்ப்புள்ள உணவை உண்டபின் உடற்பயிற்சி என்பன அதன் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. இதனை 'மூட்டுவாதம்' என்றோ 'முடக்குவாதம்' என்றோ பெயர்க்கும்போது நோயின் இடம் தெரிகிறது, காரணம் மறைகிறது. மூலப்பெயரோ காரணத்தைத் தன்னுள்ளேயே தாங்கி நிற்பது.

7. ஏற்கத்தக்க நெறிகள்

இக்குறைகளைக் களைய முன்மாதிரிகள் இல்லாமல் இல்லை. ஜி.ஜே. மெயுலன்பெல்ட் 1974இல் வெளியிட்ட மாதவ நிதானத்தின் முதல் பத்து இயல்களின் ஆங்கிலப் பெயர்ப்பு, மூலத்தோடு அதன் தலையாய உரையையும் சேர்த்துப் பெயர்க்கிறது. ஒரு சொல்லுக்கு உரைகாரர் காட்டும் விளக்கம் படிப்பவருக்கு நேரே கிடைக்கிறது. பெயர்ப்பாளர் தம் முடிவைத் திணிக்க வேண்டிய தேவை குறைகிறது.

இன்று இச்சிக்கல் கூடுதல் முதன்மை பெறுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2022இல் ஆயுர்வேதக் கலைச்சொற்களுக்கான தரப்பட்டியலை வெளியிட்டது. 2024 ஜனவரியில் நோய்களின் பன்னாட்டு வகைப்பாட்டின் 11ஆம் திருத்தத்தில் ஆயுர்வேதம், சித்தம், யுனானி ஆகியவற்றின் நோய்ப்பெயர்களுக்கான தொகுதி புதுதில்லியில் தொடங்கப்பட்டது. பட்டியல்களின் இயல்பு, ஒரு சொல்லுக்கு ஒரு நிகரனைக் கேட்பது. இடத்துக்கு இடம் பொருள் மாறும் சொற்களுக்கு அத்தகைய நிகரனைத் தரும்போது இழப்பு நேர்வது உறுதி. பட்டியலைத் தமிழாக்குவோர் அவ்விழப்பை அறிந்தே செய்ய வேண்டும்.

மேற்கண்ட ஆய்விலிருந்து பின்வரும் நெறிகள் பெறப்படுகின்றன.

1) 'அக்கினி' என்பதைத் 'தீ' என்றே பெயர்த்தல் வேண்டும். மந்தம், கூர்மை, இடப்பெயர்ச்சி ஆகிய எல்லா இடங்களிலும் இச்சொல் ஒன்றே பொருந்துகிறது. நவீன உடலியலோடு ஒப்பீடு வேண்டுமாயின் அதனைக் குறிப்பில் தரலாம்.

2) 'செரியாமை' என்னும் சொல்லை அஜீர்ணத்துக்கு மட்டுமே உரியதாக்குதல் வேண்டும்.

3) 'ஆமம்' என்பதை அப்படியே கொண்டு, முதன்முறை வரும்போது 'பக்குவப்படாத சாறு' என்று விளக்குதல் தகும். பச்சரிசி, பசுமண்கலம், பச்சைப்புண் என வேகாதது, சுடாதது, ஆறாதது ஆகிய அனைத்தையும் 'பச்சை' என்னும் ஒரு சொல்லால் தழுவும் தமிழுக்கு இக்கருத்து அயலானதன்று. நிறத்தைக் குறிக்கும் மயக்கம் நேரும் இடங்களில் 'பக்குவம்' என்னும் சொல்லை எதிர்மறையாக்கி ஆளலாம். அதுவும் 'பக்வம்' என்பதன் தமிழ் வடிவமே.

4) வேற்றுமை உருபுகள் காட்டும் சூழல், ஏது, கருவி என்னும் வேறுபாட்டைப் பெயர்ப்பிலும் காத்தல் வேண்டும்.

5) உவமையை உவமையாகவே பெயர்த்தல் வேண்டும்.

8. முடிவுரை

'எல்லா நோய்களுக்கும் செரிமானக் கோளாறே காரணம்' என்னும் தொடர், மூலநூல்களின் கருத்தைச் சுருக்கிக் கூறவில்லை, மாற்றிக் கூறுகிறது. தீ மந்தப்பட்ட நிலையில், உண்டது செரியாது, சாறு பக்குவம் பெறாது, அது தோஷங்களோடு கலந்து பரவி நோய்க்கு இடமாகிறது என்பதே அந்நூல்கள் கூறும் படிமுறை. இப்படிமுறையை இன்றைய மருத்துவ அறிவு எவ்வளவு ஏற்கும் என்பது மருத்துவ அறிஞர் ஆராய வேண்டியது. பெயர்ப்பில் 'நொதி' என்றும் 'நச்சு' என்றும் எழுதும்போது அவ்வாய்வுக்கே இடமில்லாமல் போகிறது. பழைய கோட்பாடு புதிய சொல்லின் மதிப்பைக் கடனாகப் பெற்று, சோதனைக்கு உட்படாமலே ஏற்கப்படுகிறது. அல்லது அதே சொல்லின் பொருத்தமின்மையால், படிக்கப்படாமலே நகைக்கப்படுகிறது. இரண்டும் மூலநூலுக்குச் செய்யும் நீதியன்று. பச்சையாக இருப்பதைப் பச்சை என்றும், பக்குவம் பெற்றதைப் பக்குவம் என்றும் பிரித்துக் காட்டுவதே அந்நூல்கள் மருத்துவருக்கு இட்ட முதற்பணி. மொழிபெயர்ப்பாளருக்கும் அதுவே முதற்பணியாகும்.